மெஷினுக்கு முன்னால் பட்டாவைக் கேட்பார்கள்

சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரரோ வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரரோ, ஆடிட்டரான என்னிடம் கேட்பது இதுதான்: “வெளிநாட்டுக் கம்பெனி பணம் போட வருதாம் சார், எத்தனை சதவீதம் பங்கு கொடுக்கலாம்?” ஆலை நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பல வீடுகளில் அது காலமான தாத்தா பெயரில்தான் இருக்கும். பாகப்பிரிவினை பேச்சோடு நிற்கும், மின் இணைப்பு பெரியப்பா பெயரில் ஓடும். எங்கள் ஊர்க் கடைவீதியான செவ்வாய்ப்பேட்டையில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டு. வெளிநாட்டுக் கம்பெனியின் வக்கீலுக்கு அது செல்லாது. சின்ன ஊர் என்று அவர்கள் தயங்கி நான் பார்த்ததில்லை. மரவள்ளி இங்கே விளைகிறது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. நாளைக்குத் தகராறு என்றால் கோர்ட்டில் எந்தப் பத்திரத்தைக் காட்டுவது என்பதே அவர்கள் கவலை. அடுத்து கழிவுநீர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை காலாவதியாகியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டை நம் தொழில்களின் அமைப்பு. பார்ட்னர்ஷிப்பிலோ தனி உரிமையாளர் தொழிலிலோ வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக மூலதனம் போட முடியாது. பெரும்பாலும் முதலில் பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் பழைய கைமாற்றும் கணக்கில் வராத சரக்கும் வெளியே வரும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்குகளை ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், தாமதித்தால் கட்டணம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காபித் தோட்டத்தில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு இடம் உண்டு. ஆனால் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். பண்ணை வீடு கட்டி விற்கும் திட்டத்துக்கு அந்நியப் பணம் கூடவே கூடாது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தபோது இந்தப் படிவமெல்லாம் இல்லை, கொடுத்து வைத்தவர்!

இவ்வளவு குடைந்து கேட்பவரைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். ஒரு காகிதமும் கேட்காமல், கோடிகளை அனுப்புவதாகச் சொல்லி, முதலில் ‘பிராசஸிங் சார்ஜ்’ கட்டச் சொல்பவரிடம்தான் உஷார் வேண்டும். கட்டிவிட்டீர்கள் என்றால் என்னைத் தேடி வரும் முன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.