வேப்: ஆவியா, புகையா?

உப்புவெளிக் கடற்கரையில் மருமகன் காற்சட்டைப் பையிலிருந்து பேனை மாதிரி ஒன்றை எடுத்து உறிஞ்சினான். மாம்பழ வாசம் அடித்தது. "எப்பயிருந்தடா பத்துறாய்?" என்று கேட்டேன்.

"நான் பத்துறேல்லை மாமா. இது வேப். வெறும் ஆவிதான்."

அந்த 'வெறும் ஆவி' என்னை விடவில்லை.

'வேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லை வெட்டிச் சுருக்கியதுதான் வேப். அதற்கு மூலம் லத்தீனின் 'வபோர்'; பொருள் நீராவி. இங்கே பிள்ளைக்கு முன்பே பெயர் பிறந்துவிட்டது. 1983இல் பிரித்தானிய வார இதழ் ஒன்று, கடைக்கே வராத, எரியாத சிகரெட் ஒன்றைப் பற்றி எழுதியபோது 'வேப்பிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. இன்று கையில் திரியும் கருவிக்கு வழிபோட்டவர் சீன மருந்தாளர் ஹொன் லிக், அது 2003இல். 2014இல் 'வேப்' ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஆண்டுச் சொல்லானது. நாம் கொடுத்த சுருட்டு ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது; பதிலுக்கு அவர்கள் தந்தது இது.

பெயர் சொல்வது உண்மையா என்றால், இல்லை. பற்றரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிக்கொட்டின் (புகையிலையில் ஆளை அடிமையாக்கும் சரக்கு) எல்லாம் கலந்த திரவம் நுண்துளிகளாகி நெஞ்சுக்குள் இறங்குகிறது. கேத்தில் கக்கும் ஆவி வேறு, இது வேறு.

ஆனால் தமிழில் 'ஆவி' என்றதும் சந்தேகம் அடங்கிவிடுகிறது. திருகோணமலைக்காரருக்கு ஆவி என்றால் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தடிமன் வந்தால் அம்மா நொச்சியிலை போட்டு, போர்வையால் மூடி, வேது பிடிக்க வைத்ததும் ஆவிதான். உயிருக்கும் அதுவே பெயர். இவ்வளவு நல்ல பெயர் எடுத்த சொல்லை நிக்கொட்டினுக்குச் சட்டையாகப் போட்டுவிட எனக்கு மனமில்லை. (வேது, வேப் இரண்டுக்கும் உறவு கிடையாது. யாராவது கட்டுரை எழுதமுன் சொல்லிவைக்கிறேன்.)

நம்மூர்ப் பத்திரிகைகளில் 'இலத்திரனியல் சிகரெட்' என்று வரும். சரியான சொல்தான், ஆனால் கடற்கரையில் அதைச் சொல்லி முடிக்கமுன் பெடியன் இரண்டு இழுவை இழுத்துவிடுவான். தமிழகத்தில் 'மின் சிகரெட்'. என் தெரிவு 'மின்புகை'. எரியாததைப் புகை என்னலாமா என்றால், பனிக்காலத்தில் எதுவும் எரியாமலே புகைமூட்டம் என்கிறோமே.

வினைக்கு நம்முடைய 'பத்துதல்' போதும். பற்றுதல் என்பதன் பேச்சு வடிவம் அது. தீப் பற்றுவதும் பற்று, விடாமல் ஒட்டிக்கொள்வதும் பற்று. மருமகனின் கருவியில் முதலாவது இல்லை. இரண்டாவது தாராளமாக இருக்கிறது.

அதனால் நிறுத்துவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை: விடுதல். குறைத்தல் வேறு. திரவத்தில் நிக்கொட்டினின் அளவை ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம், 12, 6, 3 என்று படிப்படியாக இறக்குவது ஒரு முறை. ஆனால் அளவு இறங்கினால் பலர் தெரியாமலே அடிக்கடியும் ஆழமாகவும் இழுத்து ஈடுகட்டிவிடுவார்கள். தவிர, இலங்கையில் இதன் விற்பனைக்குத் தடை. கள்ளமாக வரும் போத்தலில் ஒட்டியிருக்கும் எண்ணை யார் நம்புவது? நாள் ஒன்றுக்கு இத்தனை இழுவை, வீட்டுக்குள் இல்லை, எழும்பி முதல் ஒரு மணித்தியாலம் இல்லை என்று வரம்பு போடுவது கொஞ்சம் நம்பகமானது.

விடும்போது வருவதைப் 'பின்வாங்கல் அறிகுறிகள்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நமக்குப் பின்வாங்கல் என்றால் ஆமி ஞாபகம்தான் வரும். 'விடுகைத் தொல்லை' என்பேன் நான். எரிச்சல், தலையிடி, நித்திரைக் குறைவு, ஓயாத பசி. முதல் சில நாட்கள் கடுமை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமையில் தணியும். ஒவ்வொரு ஆசையும் எழும்பி அடங்கச் சில நிமிடம்தான் ஆகும், ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்.

மருமகன் விட்டு மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் வந்தாள். "உவனுக்கு என்ன விசரே? எல்லாரோடயும் எரிஞ்சு விழுறான்."

"விடுகைத் தொல்லை அக்கா."

"ஐயோ, அதென்ன புது வருத்தம்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே?"