குடலில் நோய், கிட்னியில் கல், நடுவில் கொஞ்சம் சோப்பு

தம்பிக்குக் கிரோன் நோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள், இப்போது கிட்னியில் கல் என்கிறார்கள், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லை கெட்ட நேரமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேரத்தை விடுங்கள். சம்பந்தம் உண்டு, அதுவும் ரொம்ப அழகான சம்பந்தம்.

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்ற குடல் அழற்சி நோய்கள் குடலோடு நிற்பதில்லை. மூட்டு வீங்கும், கண் சிவக்கும், முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கிற சிவப்புக் கட்டிகள் வரும், சிலருக்குப் பித்தநாளம் தழும்பேறிச் சுருங்கும். இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு இருக்கும். கல் விஷயம் வேறு. அது பள்ளிக்கூட வேதியியல்.

சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். ஆக்சலேட் பசலைக்கீரையில், முளைக்கீரையில், பாதாமில், பீட்ரூட்டில் எல்லாம் இருக்கிறது. சாப்பிட்டதும் அது குடலிலேயே கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத உப்பாகி, மலத்தோடு வெளியே போய்விடும். ரத்தத்தில் சேர்வது பத்தில் ஒரு பங்கு போலத்தான்.

சரி, இப்போது பித்தநீருக்கு வருவோம். கொழுப்பு செரிக்கப் பித்த உப்புகள் வேண்டும். வேலை முடிந்ததும் அவற்றில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம் உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. கிரோன் நோய் அதிகம் தாக்குவது சரியாக இந்த இடத்தைத்தான். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோனும் இரண்டு சகாக்களும் 1932இல் எழுதிய கட்டுரையே இலியத்தின் அழற்சியைப் பற்றியதுதான். இலியம் கெட்டாலோ நீளமாக வெட்டப்பட்டாலோ பித்த உப்பு வீணாகிறது, கல்லீரலால் அந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை, கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாமல் கொழுப்பு அமிலமாகக் குடலில் தங்குகிறது.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு. கரையாத கால்சியம் சோப்பு. போர்வெல் உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும்போது நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து பக்கெட்டில் ஒட்டுகிறதே, அதே வினைதான் இப்போது குடலுக்குள் நடக்கிறது. கால்சியத்தையெல்லாம் கொழுப்பு பிடித்துக்கொண்டதால், ஆக்சலேட் துணையில்லாமல் கரைந்த நிலையிலேயே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் பித்த உப்புகள் குடல்சுவரை வழக்கத்தைவிட அதிகமாகக் கசிய வைத்திருக்கும். ஆக்சலேட் ரத்தத்தில் நுழைந்து, சிறுநீரகத்தை அடைந்து, குடலில் கிடைக்காத கால்சியத்தைச் சிறுநீரில் சந்தித்துப் படிகமாகிறது. போதாததற்கு வயிற்றுப்போக்கால் உடம்பில் தண்ணீர் குறைந்து, சிறுநீரும் கெட்டியாகியிருக்கும்.

இதே காரணத்தால்தான், உடல் எடையைக் குறைக்க 1960களிலும் 70களிலும் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி இணைத்த பைபாஸ் அறுவை சிகிச்சையும் பலருக்குக் கல்லைக் கொடுத்தது. பின்னாளில் அந்த முறையையே கைவிட்டார்கள்.

இதெல்லாம் புரிந்தால், "கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலையும் தயிரையும் நிறுத்து" என்கிற அறிவுரை எவ்வளவு தலைகீழானது என்று தெரியும். குடலில் கால்சியம் குறையக் குறைய, ஆக்சலேட்டுக்குத்தான் கொண்டாட்டம். இந்த நோயாளிகளுக்கு டாக்டர்கள் கொழுப்பையும் ஆக்சலேட்டையும் குறைக்கச் சொல்லி, கால்சியத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுப்பது அதனால்தான். குடல் நோய் இல்லாதவர்களிடமும் இது பொருந்துகிறது: 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 1993இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. அதிலுள்ள தண்ணீர் நல்லது, அவ்வளவுதான் சொல்வேன். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து ஆக்சலேட்டை அளந்து பார்ப்பது அதைவிட உருப்படியான வேலை.

ஒன்று கவனியுங்கள், இந்தக் கதைக்குப் பெருங்குடல் வேண்டும். அதை அகற்றி, மலம் சேர வயிற்றின் மேல் பை வைத்திருப்பவர்களுக்கு ஆக்சலேட் உள்ளே நுழையும் முக்கிய வாசல் இல்லை. ஆனால் அவர்களுக்கும் கல் வரும். பையின் வழியாகத் தண்ணீரும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் போய்க்கொண்டே இருப்பதால் சிறுநீர் குறைந்து, அமிலத்தன்மை ஏறி, யூரிக் அமிலம் கல்லாகப் படியும். அதற்குச் சிகிச்சை வேறு, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்க வேண்டும். அதனால் தம்பிக்குக் கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாமல், அது என்ன கல் என்று லேபில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.