நட்டு போகட்டும், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள்

போன மாசம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருத்தர் தன் 100 சிசி வண்டியோடு பட்டறைக்கு வந்தார். பெண்டு பைப், அதாவது எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய், எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசிந்து 'பட் பட்' என்று சத்தம். நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தது. ரெண்டு நட்டைக் கழற்றினால் மாற்றிவிடலாம். ஆனால் அந்த ரெண்டும் நட்டு மாதிரியே இல்லை. பழுப்பாய், பொருக்குத் தட்டி, ரெண்டு உருண்டையாய் இருந்தன. "வீட்டுல நானே ஒரு கை பாத்தேன் தம்பி, ஸ்பேனர் வழுக்குது" என்றார். ஒரு நட்டின் மூலை முழுக்க மழுங்கியிருந்தது.

அதோடு அவர் நிறுத்திக்கொண்டதே பெரிய புண்ணியம். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் ஸ்டட், அதாவது ஹெட்டிலிருந்து நீட்டி நட்டைத் தாங்கும் மரைக்கம்பி, முறிந்திருக்கும்.

தூத்துக்குடியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த நட்டோடுதான் பாதிப் பொழுது போகும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு துருவாக மாறும்போது பருத்துப்போகும். மரையில் இருக்கிற துளி இடைவெளியையும் அந்தத் துரு அடைத்து இறுக்கிவிடும். போதாததற்கு சைலன்சர் தினமும் பழுக்கக் காய்ந்து ஆறுகிறது. ஸ்டட் இரும்பு, அது இறங்கியிருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். வருஷக்கணக்கில் இந்த இழுபறி நடந்தால் ரெண்டும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

இங்கே பொருளின் மதிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நட்டு சில ரூபாய். ஸ்டட் கொஞ்சம் கூடுதல். ஸ்டட் ஹெட்டுக்குள்ளே முறிந்தால் எஞ்சினைப் பிரித்து, லேத்துக்குக் கொண்டுபோய், துளை போட்டு, ஹெலிகாயில் என்ற மரைச்சுருளை வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். ரெண்டு நாள் வண்டி நிற்கும், அண்ணாச்சிக்கு ரெண்டு நாள் கூலி போகும். அதனால் என் பட்டறையில் ஒரே விதி: நட்டை எப்படி வேண்டுமானாலும் சேதப்படுத்து, ஸ்டட்டைத் தொடாதே.

முதல் நாள் சாயங்காலமே துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்துவிடுவேன். அதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் பொருக்கின் மேலேயே நின்றுவிடும். ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை. நடுவில் சின்னச் சுத்தியலால் நட்டின் முகத்தில் டொக் டொக் என்று தட்டினால் துரு விரிசல் விட்டு எண்ணெய் இறங்கும். எல்லாரும் டபிள்யூடி-40 அடிக்கிறார்கள். அந்தப் பெயரில் உள்ள ரெண்டு எழுத்தும் தண்ணீரை விலக்குவதைத்தான் குறிக்கின்றன. லேசான பிடிப்புக்கு உதவும். இறுகிப்போன சைலன்சர் நட்டுக்கு, அதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள்.

அடுத்தது ஸ்பேனர். ஓபன் ஸ்பேனரும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இந்த நட்டின் பக்கமே வரக்கூடாது. நம் கையில் இருக்கும் ரிங் ஸ்பேனர் பெரும்பாலும் 12 முனை கொண்டது. மூலைக்குப் பக்கத்திலேயே பிடிக்கும், துருப்பிடித்த மூலை உடனே வழித்துக்கொண்டு போகும். ஆறு முனை சாக்கெட் நட்டின் தட்டையான பக்கத்தில் உட்காரும். புதிதாகக் கருவி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, 40 துண்டு கொண்ட மலிவு செட்டைவிட, தரமான ஆறு முனை சாக்கெட்டாக 10, 12, 13 நம்பர் (மில்லிமீட்டர் அளவு) மூன்று மட்டும் போதும். துரு தின்று சிறுத்த 10 நம்பர் நட்டுக்கு பழைய இன்ச் செட்டில் உள்ள 3/8 சாக்கெட்டைத் தட்டி ஏற்றுவேன். அது 9.5 மில்லிமீட்டர்தான், கச்சென்று கவ்வும்.

ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை இறுக்கவே சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குதான். சாதாரண 10 நம்பர் ஸ்பேனரின் நுனியில் 6 கிலோவைத் தொங்கவிட்டால் அது வந்துவிடும். ரெண்டடி பைப் மாட்டினால் ஒன்றே முக்கால் கிலோ போதும். அதைப்போல ரெண்டு மடங்கு கொடுத்தாலே துருப்பிடித்த ஸ்டட் முறியும். உங்கள் கைக்கு எதுவுமே தெரியாது. நான் தொழில் பழகிய காலத்தில் அப்படித்தான் ஒன்றை முறித்தேன். அந்த வண்டிக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கைக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைத்தான் பட்டறைப் பையன்களுக்கு முதலில் சொல்லித் தருகிறேன். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். 'டிக்' என்று ஒரு வெடிப்பு கேட்டால் துரு விட்டுவிட்டது. கால் சுற்று வந்தால் அரைக்கால் திரும்பிப் போய், எண்ணெய் விட்டு, மறுபடி வர வேண்டும். சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வந்தால், நட்டு சுற்றவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி வண்டியில் ரெண்டாவது நட்டில் பையன் கை வைத்ததும், "அண்ணே, லேசா வருது" என்று என்னிடம் சந்தோஷப்பட்டான். சத்தம் வரவில்லை. "ஏல, கையை எடு" என்றேன். ஸ்பேனரை விட்டதும் நட்டு பழைய இடத்துக்கே திரும்பியது.

இந்தக் கட்டத்தில் சூடு காட்டலாம். ஆனால் எண்ணெயையும் பெட்ரோல் கசிவையும் துடைத்து எடுக்காமல் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். டேங்கைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது பட்ட இடத்தில் தீ காட்டினால் நுரையீரலையே அரிக்கும் நச்சுப்புகை வரும். நட்டை மட்டும் சூடாக்கி, அது விரிந்திருக்கும்போதே திருப்ப வேண்டும். லேசாக ஆறும்போது மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் உருகி உள்ளே ஓடும். அதுவும் உதவும்.

அண்ணாச்சியின் நட்டு அதற்கும் மசியவில்லை. மினி கிரைண்டரால் நட்டின் தட்டைப் பக்கத்தில், ஸ்டட்டின் போக்கிலேயே ஒரு வெட்டு போட்டேன். மரையைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் சிறு உளியை வைத்து ஒரே தட்டு. நட்டு வாயைப் பிளந்து கழன்று வந்தது. ஸ்டட்டின் மரை பளிச்சென்று இருந்தது. பொறி பறக்கும் வேலை இது, கண்ணாடி போடாமல் செய்யக்கூடாது. இடம் இருந்தால் நட்டைப் பிளக்கும் கருவியான நட் ஸ்பிளிட்டர் இதைவிடச் சுத்தம், ஆனால் பெண்டு பைப் பக்கம் பெரும்பாலும் அது நுழையாது.

ஸ்டட் முறிந்தே போய்விட்டால், முறிந்த துண்டில் துளை போட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டைக் கொண்டு திருகாதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் புது நட்டை வைத்து வெல்டு அடித்துத் திருப்பலாம். அந்தச் சூடே பாதிப் பிடிப்பை விடுவிக்கும். வெல்டு வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் எஞ்சினை நடத்துவதே கம்ப்யூட்டர் பெட்டிதான். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பைப்பில் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும், அதன் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், முனையில் எந்த ஸ்ப்ரேயும் படக்கூடாது.

பூட்டும்போது புது கேஸ்கெட், புது நட்டு. பழையதை எண்ணெயில் ஊறவைத்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு, நான் போடுவதில்லை. செம்பு முலாம் பூசிய நட்டு கிடைத்தால் அதைத்தான் தேடி வாங்குகிறேன், சீக்கிரம் பிடிக்காது. மரையில் காப்பர் கிரீஸ் ஒரு பொட்டு. கிரீஸ் இருந்தால் நட்டு வழுக்கி அதிகம் இறுகும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து இறுக்க வேண்டும். ரெண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக.

"நாலு நாள் ஓட்டிட்டு, வண்டி ஆறினப்புறம் வாங்க அண்ணாச்சி, ஒருக்கா இறுக்கிப் பாத்துருவோம்" என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். ரெண்டு நட்டும் கால் சுற்று ஏற்றுக்கொண்டன.