155ஆம் கட்டை என்று உங்கள் தளத்தில் எழுதியிருக்கிறதா?

கிளிநொச்சியில் ஒரு கடைக்காரரிடம் போனில் இடம் கேட்டுப் பாருங்கள். "155ஆம் கட்டையில இறங்குங்கோ, கோயிலுக்கு எதிர்ப்பக்கம்" என்பார். அவருடைய இணையத்தளத்தைத் திறந்தால் "ஏ9 வீதி, கிளிநொச்சி" என்று ஒற்றை வரி கிடக்கும். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரைக்கும் போகிறது. அதில் 155ஆம் மைல்கல் நிற்கும் இடத்தைத்தான் 155ஆம் கட்டை என்கிறோம். கடைக்காரர் வாயில் இருக்கும் சொல்லும் வாடிக்கையாளர் தேடும் சொல்லும் ஒன்றுதான். தளத்தில் மட்டும் அந்தச் சொல் இல்லை. நாங்கள் பேசுவது கூகுளுக்குக் கேட்காது, எழுதி வைத்ததை மட்டும்தான் அது வாசிக்கும்.

வன்னியில் இணையத்தளம் செய்துகொடுக்கும் தொழிலில் இருப்பதால் அடிக்கடி என் காதில் விழுவது இதுதான்: "தம்பி, காசு குடுத்துத் தளம் செய்தனாங்கள், தேடினா வருகுதில்லையே." இதற்கு உடனே விளம்பரம் போடு, லிங்க் (வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கு என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னர் பார்க்கவேண்டியது வேறு.

முதலில், கூகுளிடம் உங்கள் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். கூகுள் எடுத்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் எழுத்தைப் பற்றியோ லிங்க்கைப் பற்றியோ பேசுவதில் இப்போதைக்குப் பயனில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் கட்டும்போது தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டியை டிக் பண்ணி வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தால் தளம் எத்தனை வருடமானாலும் தேடலில் வராது. இன்னொரு பக்கம், கவனிப்பாரற்றுக் கிடந்த கோயில் தளம் ஒன்றில் இதே சோதனையைச் செய்தபோது திருவிழாப் பக்கங்களோடு சூதாட்ட விளம்பரப் பக்கங்களும் வரிசையாக வந்தன. யாரோ உள்ளே புகுந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய பதிப்பு மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் இப்படித்தான் நடக்கும்.

அடுத்தது பாமினி. எங்கள் பக்கத்துக்கே உரிய நோய் என்று இதைச் சொல்லலாம். அச்சகத்தில் வேலை பழகியவர்கள் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்வார்கள். நோட்டீசுக்கு அது போதும். அதையே தூக்கித் தளத்தில் போட்டால், திரையில் "அம்மா" என்று தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகவே இருக்கும். கூகுள் வாசிப்பதும் அதைத்தான். அந்த எழுத்துரு இல்லாத போனிலும் அப்படித்தான் தெரியும். பாமினியை, எல்லாக் கணினியும் போனும் வாசிக்கும் பொது முறையான யூனிக்கோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும்.

பாமினியைவிட மோசமானது படம். விலைப்பட்டியல், திறக்கும் நேரம், மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற விபரம் எல்லாவற்றையும் வடிவாக வடிவமைத்து ஒரே படமாகப் போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி ஒரு வியாபாரத்தை நடத்த முடியாது. படம் இருக்கட்டும், அதில் உள்ளதைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்கான மாற்று வாசகத்தில் (ஆல்ட் டெக்ஸ்ட்) படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். கண் தெரியாதவர்களுக்கு அந்த வரியைத்தான் போன் வாசித்துக் காட்டுகிறது.

சரி, எதை எழுதுவது?

ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆலைத் தளங்களில் பெரும்பாலும் நான் பார்க்கும் முதல் வரி "தரம், நம்பிக்கை, நேர்மையே எமது தாரக மந்திரம்" என்பது. இதைத் தேடி எவரும் கூகுளுக்குப் போவதில்லை. காலபோக அறுவடை முடிந்து, சூடு அடித்த நெல்லை வீட்டில் வைத்திருக்கும் ஒருவர் ஆலைக்குப் போன் எடுத்து என்ன கேட்கிறார்? எங்கட நெல்லை வேறாகக் குற்றித் தருவீங்களா, எல்லாற்ற நெல்லோடயும் கலந்துபோடுமா? குறைஞ்சது எத்தனை மூட்டை வேணும்? அவிக்க, காயவைக்க வசதி இருக்கா? தவிடு ஆருக்கு? மொட்டைக்கறுப்பன் நெல் எடுப்பீங்களா? தளத்தில் வரவேண்டிய எழுத்து இதுதான். போன் எடுக்கிற பையனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வருகிற கேள்விகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். கேட்டவரின் வாய்ச்சொல்லிலேயே எழுதவேண்டும், திருத்தக்கூடாது. இரண்டு கிழமையில் உங்கள் தளத்துக்குத் தேவையான தலைப்புகள் முழுக்க அந்தக் கொப்பியில் இருக்கும்.

ஒரு கேள்விக்கு நேரான, முழுமையான விடை இருக்கும் பக்கத்தைத்தான் கூகுள் தேடுகிறது. கொழும்பு விடுதிகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். மாங்குளம் சந்தியில் இரவு பஸ்ஸால் இறங்கினால் தங்க இடம் உண்டா, அங்கேயிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், விடிய எந்த நேரம் பஸ் பிடிக்கலாம் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? வன்னியைப் பற்றிய நடைமுறை விபரம் எந்த மொழியிலும் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இது எங்களுக்குக் குறைதான். ஆனால் ஒரு சின்னக் கடைக்காரருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் ஒழுங்காக எழுதிய ஒரு பக்கம் மேலே வருவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை.

எழுத்துக்கூட்டல் ஒரு தலையிடி. முல்லைத்தீவை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள், தாய் தகப்பன் தமிழில் தேடுவார்கள். கலியாண மண்டபம் பதிவுசெய்வது பெரும்பாலும் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்துதான். ஆகவே தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பு வையுங்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே வரியில் அடுக்கத் தேவையில்லை. சிறு வித்தியாசங்களைக் கூகுள் தானாகவே புரிந்துகொள்ளும். சிலர் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்துவைப்பதும் உண்டு. அது விதிமீறல், பிடிபட்டால் இருக்கிற இடமும் போய்விடும். தளத்தின் உள்ளே குறிச்சொல் என்று ஒரு பட்டியல் எழுதித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அந்தக் குறிச்சொற் பட்டியலைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

பக்கத் தலைப்பு அப்படியல்ல. தேடலில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். பல தளங்களில் அது "முகப்பு" என்றோ "நல்வரவு" என்றோ இருக்கிறது. "பரந்தனில் நெல் அவித்துக் குற்றித் தரும் ஆலை" என்று இருந்தால் பார்க்கிறவருக்கும் விளங்கும், கூகுளுக்கும் விளங்கும்.

பருவத்துக்கு வரும் தேடலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மடு மாதா கோயில் திருவிழா ஓகஸ்ட் 15. அதற்குத் தங்குமிடம், வான் தேடுகிறவர்களுக்காக ஓகஸ்ட் முதலாம் தேதி பக்கம் எழுதுவதில் பலனில்லை. ஏப்ரல், மே மாதத்திலேயே பக்கம் இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒரு புதுப் பக்கம் எழுதி, பக்கத்தின் இணைய முகவரியில் ஆண்டைப் போடுவது வீண் வேலை. ஆண்டு இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை வருடாவருடம் புதுப்பியுங்கள். பழைய வருடங்களில் வந்த இணைப்புகளின் பெறுமதி அந்த முகவரியிலேயே சேர்ந்திருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் இதே கதைதான்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கருவி எது என்பதல்ல, எழுத்து வாசிக்கிறவருக்கு உதவுகிறதா என்பதே முக்கியம் என்று கூகுள் 2023இல் சொன்னது. 2024 மார்ச்சில், தேடலை ஏமாற்றுவதற்காகக் கும்பலாக உற்பத்தி செய்யும் பக்கங்களைத் தன் விதிகளில் நேரடியாகவே தடைசெய்தது. என் அபிப்பிராயம்: எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆலையில் தவிடு ஆருக்கு என்பது அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்ததுபோல எழுதும் பழக்கம் அதற்கு உண்டு.

இனி லிங்க் விஷயம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்டில் படிக்கும்போது கண்டுபிடித்த பேஜ்ராங்க் என்ற முறையின் மேல்தான் 1998இல் கூகுள் எழும்பியது. ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை அது சிபாரிசாக எடுத்தது. கூடவே, சிபாரிசு செய்கிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்றும் பார்த்தது. வீடு கட்ட ஒரு நல்ல மேசனை விசாரிக்கும்போது நாங்களும் இதைத்தானே செய்கிறோம்? இன்றைக்குக் கூகுள் பார்க்கும் விஷயங்கள் ஏராளம், அவற்றில் இணைப்பும் இன்னும் ஒன்று. இது தெரிந்தவுடன் சந்தையில் சிபாரிசு விற்க ஆட்கள் வந்துவிட்டார்கள். 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்ததே இவர்களுக்காகத்தான். விலைக்கு வாங்கிய இணைப்புகளைச் சுமந்த தளங்கள் பல அப்போது கீழே விழுந்தன. இப்போது அப்படியான இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடுகிறது, சில வேளை அதன் ஊழியர்களே பார்த்துத் தண்டனையும் கொடுக்கிறார்கள். "ஆயிரம் பேக்லிங்க், ஒரு மாதத்தில் முதலிடம்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தரமுடியாது என்று கூகுளின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது.

வட்ஸ்அப், வைபர் குழுக்களில் போகும் இணைப்பு கூகுளின் கண்ணில் படாது. பேஸ்புக்கில் போடுவதும் ஆட்களைக் கூட்டிவரும், சிபாரிசாக எண்ணப்படாது. போடவேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் வேலை வேறு.

அப்படியென்றால் உண்மையான இணைப்பு எங்கேயிருந்து வரும்? உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமிருந்து. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் தளங்கள் இருக்கின்றன. அவர்கள் ஊருக்கு வரும்போது உங்கள் விடுதியில்தான் தங்குகிறார்கள் என்றால், வருகிறவர்களுக்கான விபரப் பக்கத்தில் உங்களைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்பதில் என்ன வெட்கம்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. மாணவர்கள் உங்கள் நாற்றுமேடைக்குக் களப்பயணம் வந்து, அதைப் பற்றி ஒரு குறிப்புத் தளத்தில் போடுகிறார்கள் என்றால் உங்கள் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். செய்தித் தளம் ஒன்று உங்கள் தேன் விற்பனையைப் பற்றி எழுதிவிட்டு இணைப்பைப் போடாமல் விட்டிருக்கலாம். ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். ஹையேஸ் வான் ஓட்டுகிற அண்ணையின் தளமும் விடுதித் தளமும் ஒன்றையொன்று குறிப்பிடுவது இயல்பானதே, உண்மையாகவே ஒருவருக்கொருவர் ஆள் அனுப்புகிறவர்கள் என்றால். சம்பந்தமே இல்லாத ஐம்பது தளங்கள் மாறி மாறி இணைத்துக்கொள்வதுதான் ஏமாற்று. காசு கொடுத்துப் போட்ட விளம்பர இணைப்பு என்றால், அதை விளம்பரம் என்று குறிக்கும் அடையாளத்தை நிரலில் சேர்க்கவேண்டும். 2019 முதல் அதற்கென்றே ஒரு குறி இருக்கிறது.

கேட்காமலே இணைப்பு வரும் ஒரு வழியும் உண்டு. மற்றவர்களுக்குப் பயன்படும் ஒரு பக்கத்தை நீங்களே எழுதிவிடுவது. ஓர் இயற்கை விவசாயி, பாரம்பரிய நெல் வகைகளைத் தன் வயலில் விதைத்த தேதி, மழை, அறுவடை என்று ஒவ்வொரு போகமும் எழுதிவந்தால், அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எங்கே இணைப்பார்கள்? வேறு இடமில்லை.

உங்கள் தளத்துக்குள்ளேயே பக்கத்துக்குப் பக்கம் இணைப்பதையும் விடாதீர்கள். "இங்கே அழுத்தவும்" என்று எழுதாமல் "நெல் அவிக்கும் கட்டணம்" என்று எழுதி அதற்கு இணைப்புக் கொடுங்கள். போனில் தளம் ஒழுங்காகத் திறக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, கூகுள் இப்போது போன் வடிவத்தைத்தான் வாசித்துச் சேமிக்கிறது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். பலகையில் உள்ள பெயரையே போடுங்கள், "கிளிநொச்சியின் சிறந்த" என்று முன்னால் ஒட்டவேண்டாம்.

பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பே சொல்லியிருக்கிறது. அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. சேர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்தால், எந்தச் சொற்களைத் தேடும்போது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பட்டியல் வரும். பதியும்போது தளம் செய்துதந்தவரின் மின்னஞ்சலில் பதியாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள். பட்டியலில், பலரின் தேடலில் உங்கள் பக்கம் தெரிந்தும் ஒருவரும் அழுத்தாத சொற்களைப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு உங்கள் தளத்தில் தனிப் பக்கம் இருக்காது. அடுத்த பக்கத்தை அதற்கு எழுதுங்கள்.