செல்ஃப் டைமர் ஏன் பாதியில் நிற்கிறது?

பழைய ஃபிலிம் கேமராவில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை இழுத்துவிட்டு பட்டனை அழுத்தினால் ‘கிர்ர்ர்’ என்று ஓடி, பத்து விநாடி போலக் கழித்து ஷட்டர் தானாக விழும். அதற்குள் படம் எடுப்பவரும் ஓடிப்போய்க் கூட்டத்தோடு நின்றுகொள்ளலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளிலும், மூடிப்போன ஸ்டுடியோக்களின் அலமாரிகளிலும் இப்படிப்பட்ட கேமராக்கள் இன்னும் கிடக்கின்றன. இப்போது பேரப்பிள்ளைகள் அவற்றைத் தூசி தட்டி எடுத்து முட்டம் பாறைக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் கொண்டுபோகிறார்கள். லென்ஸ் நன்றாக இருக்கும், ஷட்டரும் வேலை செய்யும். செல்ஃப் டைமர் மட்டும் இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு நின்றுவிடும்.

கேமராவில் முதலில் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த உறுப்புதான். அது தரமில்லாமல் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. அது வேலை செய்கிற விதமே அப்படி.

வடசேரிப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம், ஜெனிட் என்ற பழைய சோவியத் கேமராவிலிருந்து கழற்றிய டைமரைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “மக்கா, இது வாட்ச் இல்ல கேட்டியா. இதுல பேலன்ஸ் வீல் எங்க இருக்கு? ஹேர்ஸ்பிரிங் எங்க இருக்கு?” என்றார்.

“அப்போ டைம் எப்படி அண்ணாச்சி வருது?”

“எண்ணெ நல்லா இருந்தா வரும்.”

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இயற்பியல் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

கைக்கடிகாரத்தில் நேரத்தைக் காப்பது முறுக்கிவிடும் பெரிய ஸ்பிரிங் அல்ல. பேலன்ஸ் வீலும் அதோடு சேர்ந்த மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அந்த ஜோடிக்குச் சொந்தமாக ஓர் அலைவு நேரம் உண்டு. முறுக்கு கொஞ்சம் தளர்ந்தாலும் அது பெரிதாக மாறாது. செல்ஃப் டைமரில் அப்படிச் சொந்தத் தாளம் உள்ள உறுப்பு எதுவுமே இல்லை. ஒரு ஸ்பிரிங், சில பல்சக்கரங்கள், கடைசியில் கூரான பற்கள் கொண்ட ஒரு குட்டிச் சக்கரம், அதன்மேல் இப்படியும் அப்படியும் புரளும் நங்கூர வடிவத் துண்டு. சக்கரத்தின் ஒரு பல் நங்கூரத்தின் ஒரு முனையைத் தள்ளிவிட்டு நழுவும். புரண்ட வேகத்தில் மறுமுனை வந்து இன்னொரு பல்லில் முட்டும். அந்தப் பல் அதைத் திரும்பத் தள்ளும். நாம் கேட்கும் ‘கிர்ர்ர்’ இந்த முட்டல்களின் வரிசைதான்.

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தின்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைக் கவனித்திருக்கலாம். தேர் உருண்டால் கட்டை விழும், கட்டையை எடுத்தால் மறுபடி உருளும். கட்டை போடுபவர் கடிகாரம் பார்ப்பதில்லை. வடம் பிடிப்பவர்களின் இழுப்பும் கட்டையின் தடுப்பும் சேர்ந்துதான் தேர் நிலைக்கு வரும் நேரத்தை முடிவு செய்கின்றன. செல்ஃப் டைமரும் இதே மாதிரி ஒரு பிரேக்தான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். உராய்வை ஒதுக்கிவிட்டால், நங்கூரம் புரளும் வேகம் அதைத் தள்ளும் திருப்பு விசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். விசை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். விசை பாதியானால் வேகம் சுமார் 30 சதவீதம் குறையும். ஸ்பிரிங் தளரத் தளர ஓட்டம் கொஞ்சம் மந்தமாவது இதனால்தான். அதில் கோளாறு எதுவும் இல்லை. தலைவலி உராய்வில் இருக்கிறது. தள்ளும் விசையிலிருந்து அது நேரடியாகக் கழிந்துகொள்ளும், மிச்சமிருப்பதுதான் நங்கூரத்துக்குப் போய்ச் சேரும்.

அந்த மிச்சம் எவ்வளவு? பல்சக்கரங்களின் ஒவ்வொரு ஜோடியும் வேகத்தை 6 மடங்கு கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஜோடி தாண்டினால் 216 மடங்கு வேகம். வேகம் கூடுகிற அளவுக்கு விசை குறைந்தாக வேண்டும். ஆக, கடைசிச் சக்கரத்துக்குக் கிடைப்பது ஸ்பிரிங்கின் விசையில் 216-இல் ஒரு பங்கு, அதையும்விடக் கொஞ்சம் குறைவு. அந்த முனையில் பிசுபிசுப்பு துளி இருந்தாலும், நெம்புகோல் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது 216 மடங்காகத் தெரியும். ஸ்பிரிங் பலமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசின் படலம் அதை நிறுத்திவிடும்.

அந்தப் படலம் பெரும்பாலும் தொழிற்சாலையில் விட்ட அதே எண்ணெய்தான். பல வருஷங்களில் அதன் ஆவியாகக்கூடிய பகுதி போய்விடும். மீதி ஆக்சிஜனோடு சேர்ந்து நீண்ட மூலக்கூறுகளாகி மெழுகு போல இறுகும். இது எந்த ஊர் கேமராவிலும் நடக்கும். நம் ஊரில் கடலும் கைகொடுக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. முதலாவது காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். இரண்டாவதற்கு 33 சதவீதமே போதும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில் காற்று அந்த அளவுக்கு உலர்வது அபூர்வம். அதனால் குளச்சலிலோ முட்டத்திலோ கேமராவுக்குள் நுழைந்த உப்புத்தூசி பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். பித்தளைச் சக்கரமும் எஃகு அச்சும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு எஃகைத்தான் முதலில் தின்னும்.

இதற்கு மேல் மனிதர் செய்யும் உதவி ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய். கீலுக்கும் பூட்டுக்கும் விடுகிற பழக்கத்தில் டைமருக்கும் ஒரு சொட்டு விட்டுவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மதியம் ஓடுகிற டைமர் மார்கழி விடியலில் நிற்கும். நாள்பட்டால் எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் பித்தளையிலுள்ள தாமிரத்தோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். குத்துவிளக்கில் எண்ணெய் தேங்கிய இடத்தில் படிவதும் அதுதான். தையல் மெஷின் எண்ணெயும் துருநீக்கி ஸ்ப்ரேயும் கொஞ்சம் தாமதமாகப் பிசுபிசுத்து டைமரை நிறுத்திவிடும்.

சரி, பழுது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திறக்கும் முன்பு காதை வைத்தாலே பாதி தெரிந்துவிடும். ஃபிலிம் போடாமல், ஷட்டரை ஏற்றிவிட்டு, டைமரை ஓடவிட்டு ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அலைவடிவம் காட்டும் ஏதாவதொரு ஆப்பில் திறந்தால் முட்டல்கள் கூர்முனைகளாகத் தெரியும். இடைவெளி சீராகவோ, மெல்ல மெல்ல அகன்றோ போனால் நல்லது. திடீரென்று அகன்று, மறுபடி நெருங்கினால் ஏதோ ஒரு சக்கரத்தில் அழுக்கோ அடிபட்ட பல்லோ இருக்கிறது. நிற்பதிலும் இரண்டு வகை. எத்தனை தடவை ஓடவிட்டாலும் நெம்புகோல் ஒரே கோணத்தில் வந்து நின்றால், மெதுவாகச் சுற்றும் முதல் சக்கரங்களில் ஓரிடத்தில் கோளாறு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வேகமான முனையில் எண்ணெய் இறுகியிருக்கிறது. மேஜை விளக்கின் கீழே கொஞ்ச நேரம் வைத்து, வெதுவெதுப்பான பிறகு நன்றாக ஓடினால் எண்ணெய்தான் என்பது உறுதி. வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம். மூடியில்லாத லென்ஸ் சூரியனைக் குவித்தால், லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிப்புக் கண்ணாடி நின்று மறைக்காத கேமராக்களில் ஷட்டரின் துணித்திரை ஓட்டையாகிவிடும்.

முட்டல் சத்தமே இல்லாமல் ‘சர்ர்’ என்று ஒரு நொடியில் ஓடிவிட்டால் நங்கூரம் சக்கரத்தைத் தொடவில்லை. பெரும்பாலும் ஒரு திருகு தளர்ந்து தகடு நகர்ந்திருக்கும். முழுதாக ஓடி முடித்தும் ஷட்டர் விழவில்லையென்றால் டைமரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டத்தின் முடிவில் ஷட்டரின் கொக்கியைத் தட்டும் சின்னக் கம்பி வளைந்திருக்கும். ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்ற மறந்தாலும் இதே கதைதான், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பாதியில் நின்ற நெம்புகோலை விரலால் அமுக்கித் தள்ளுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அதே 216 இங்கே எதிராக வேலை செய்கிறது. நீங்கள் நெம்புகோலை ஒரு பாகை நகர்த்தினால் கடைசிச் சக்கரம் அரைச் சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். அது மாட்டிக்கொண்டிருந்தால் உங்கள் விரலின் பலம் முழுவதும் முதல் சக்கரத்தின் ஓரிரு பற்களில் போய் இறங்கும். ஓட்டத்தின் திசையில் லேசாகத் தொட்டுவிடலாம், அதோடு சரி.

லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் கேமராக்கள் தனி ரகம். சிங்க்ரோ-காம்பூர், பிரான்டார்-எஸ்விஎஸ் போன்ற ஷட்டர்களில் எம், எக்ஸ், வி என்று மூன்று நிலைகள் குறித்திருக்கும். எம்மும் எக்ஸும் ஃப்ளாஷுக்கு, வி என்பது செல்ஃப் டைமர். அது நடுவில் நின்றால் ஷட்டரும் அதோடு பூட்டிக்கொள்ளும், முழுக் கேமராவும் முடங்கும். நல்லவேளையாக, முன்கூட்டியே சோதிக்க வழி இருக்கிறது. ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்களையும் இதே மாதிரி நங்கூர பிரேக்தான் தாமதப்படுத்துகிறது. வேகத்தை 1-இல் வைத்து ஷட்டரை விடுங்கள். அது இழுத்து இழுத்து மூடினாலோ நின்றாலோ வி பக்கமே போக வேண்டாம். என் கருத்தில், சுத்தம் செய்யப்படாத எந்தப் பழைய லென்ஸ் ஷட்டரிலும் வி-யைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பழுது பார்ப்பது கொள்கை அளவில் எளிது, கைக்குத்தான் கஷ்டம். லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் பல எஸ்எல்ஆர் கேமராக்களில் டைமர் ஒரு தனிக் கட்டாக முன்பக்கத் தோலுறைக்கு அடியில் சில திருகுகளில் நிற்கும். ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் விட்டபிறகே கழற்ற வேண்டும். நெம்புகோலின் நடுத்திருகு சிலவற்றில் இடப்புரியாக இருக்கும், அசையவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் மறுபக்கம் மெதுவாக முயன்று பாருங்கள். கழற்றிய டைமரை லைட்டரில் ஊற்றும் ஒயிட் பெட்ரோலில் அலசுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில். பழுப்பாக ஒரு நீர் இறங்கும். புதிதாக ஊற்றி, நிறம் இறங்காமல் நிற்கும்வரை அலசலாம். கேமராவோடு சேர்த்து நனைக்கக் கூடாது. துணித்திரையின் ரப்பர் பூச்சு கெடும், கரைந்த பிசின் போய் ஷட்டர் தகடுகளில் ஒட்டும்.

உலர்ந்ததும் எண்ணெயே இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். அப்புறம் வாட்ச் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சு முனைகள் தகட்டில் உட்காரும் குழிகளில் மட்டும் வைக்க வேண்டும். குழியின் நுண்புழை விசை துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் அதே விசை எண்ணெயைத் தகடு முழுவதும் இழுத்துப் பரப்பிவிடும். பற்களுக்கும் நங்கூர முனைகளுக்கும் எண்ணெய் வேண்டாம். 8 முதல் 12 விநாடிக்குள் எது வந்தாலும் திருப்திப்படலாம். சொந்தத் தாளமே இல்லாத உறுப்பிடம் சரியாகப் பத்து கேட்பது நியாயமில்லை.

1976-இல் வந்த கேனான் ஏஇ-1 போன்றவற்றில் இந்தக் கதை எதுவும் கிடையாது. 10 விநாடியை மின்சுற்று எண்ணுகிறது, சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. சிமிட்டவில்லை என்றால் முதலில் 6 வோல்ட் பேட்டரியையும் அதன் முனைகளில் படிந்த உப்பையும் பாருங்கள்.

திறக்கத் துணிவில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல பழைய கேமராக்களில் ஷட்டர் பட்டனிலோ அதன் பக்கத்திலோ கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் பட்டனை அழுத்தும் கம்பி) மாட்டும் புரியுள்ள துளை இருக்கும். அதில் கேபிளை மாட்டி, கேபிளின் மறுமுனையை அழுத்திவிடும் தனி டைமர்கள் ஒரு காலத்தில் நிறைய விற்றன, பழைய பொருள் விற்பவர்களிடம் இப்போதும் கிடைக்கும். நீண்ட ரப்பர் குழாயும் காற்றுக் குமிழும் உள்ள ரிலீஸும் இதே வேலையைச் செய்யும். வாங்கும்போது நடுக்கம்பி எவ்வளவு நீளம் வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். தேவைக்கு மேல் நீண்டால் அது உள்ளே இருக்கும் கொக்கியை வளைத்துவிடும்.