வானம் நீலமா இருக்கும், ரோடு மட்டும் தெரியாது

பனிக்காலத்துல அமெரிக்காவ கார்லயே குறுக்க தாண்டணும்னு ஐ-80ங்குற நெடுஞ்சாலை ரூட்ட எடுக்குறவங்க எத்தனை இன்ச் ஸ்னோ விழும்னுதான் பாக்குறாங்க, ஆனா வழியில வர்ற வயோமிங் மாநிலத்துல முதல்ல பாக்க வேண்டியது காத்தோட வேகத்த.

அங்க ஐ-80ல லாரமி ஊர்லேர்ந்து ராலின்ஸ் ஊர் வரைக்கும் சுமார் 160 கிலோமீட்டர். பழைய யூஎஸ் 30 ரோடு வடக்க மெடிசின் போ ஊர் வழியா சுத்திப் போகும், 1970ல திறந்த புது ரோட்ட, அதாவது ஐ-80ஐ, தூரம் கம்மின்னு எல்க் மவுண்டன் ஓரமா போட்டுட்டாங்க. ராக்கி மலைத்தொடர் அந்தப் பக்கம் தாழ்ந்து எடம் விடுறதால மேக்கேர்ந்து வர்ற காத்து மொத்தமும் அதுக்குள்ள நெருக்கிட்டு வேகமா பாயும்.

காஞ்ச பனி விழுந்த எடத்துல கெடக்காது. காத்து மணிக்கு 25, 30 கிலோமீட்டர தொட்டாலே தத்தித் தத்தி ஓட ஆரம்பிக்கும், ஒரு துகள் விழுந்து இடிச்சா இன்னும் நாலு கெளம்பும். பீச்ல காத்தடிக்கும்போது கணுக்கால்ல மணல் சுருக்கு சுருக்குன்னு குத்தும்ல, அதேதான். தரைய ஒட்டித்தான் அடர்த்தி ஜாஸ்தி, மேல போகப் போக கொறையும், அதனால தலைக்கு மேல வெயிலடிக்கும், ஒசரத்துல உக்காந்திருக்குற ட்ரக் டிரைவருக்கு ஓரளவு ரோடு தெரியும், கார்ல இருக்குறவருக்கு பானெட்டுக்கு அங்கிட்டு வெறும் வெள்ளை. இதுக்குப் பேருதான் கிரவுண்ட் பிளிசார்ட்.

ரோட்ட விட்டுத் தள்ளி நீள நீளமா மரவேலி நிக்கும் பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அது. பனிய தடுக்குற சுவர் இல்ல, பாதிக்குப் பாதி இடைவெளிதான். முழுசா அடைச்சா காத்து மேல ஏறிக் குதிச்சு சுழலும், பனி அவ்வளவா தங்காது. இடுக்கு வழியா போறப்ப வேகம் கொறைஞ்சு, சுமந்துட்டு வந்த பனிய வேலிக்குப் பின்னாடியே போட்டுடும். அந்தக் குவியல் வேலி ஒசரத்தப் போல 30, 35 மடங்கு நீளும், அதனால 4 மீட்டர் வேலின்னா ரோட்டுலேர்ந்து 140 மீட்டராவது தள்ளி நிறுத்தணும். இந்தக் கணக்கையெல்லாம் வருஷக்கணக்கா அங்கயே அளந்து சொன்னவர் ரொனால்ட் டேப்லர்ங்குற பனி ஆராய்ச்சியாளர்.

பயணத்துல ஒரு நாள் கண்டிப்பா கையிருப்பா வைங்க, காத்து ஜாஸ்தியாகி ரோட்ட அடைக்குற கேட்ட மூடிட்டா லாரமில தங்கிடுங்க, சந்துபொந்துல புகுந்து போகலாம்னு நெனைக்கவே வேண்டாம். மைனஸ் 10 டிகிரி பக்கம் போனா உப்பு போட்டும் ஐஸ் சரியா உருகாது, பாலத்துக்கு கீழயும் குளிர் காத்து ஓடுறதால அதுதான் முதல்ல உறையும். டேங்க் பாதிக்குக் கீழ போக விடாதீங்க. நடுவழியில மாட்டிக்கிட்டா ஹீட்டர் போடுறதுக்கு முன்னாடி எறங்கி சைலன்சர் வாய மூடியிருக்குற பனிய கையால தோண்டி எடுத்துடுங்க, இல்லேன்னா கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துடும், வாசனையே இருக்காது.