தகவமை வழித்துணை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம் ஆண்டு மாணவி கைக்கணினியில் பின்னப் பாடத்தைத் திறந்தாள். இணைப்புகளைத் தொட்டுத் தொட்டு, சமபின்னமே படிக்காமல் பின்ன வகுத்தலில் போய் நின்றாள். "டீச்சர், எங்க இருக்கேன்னே தெரியல" என்றாள்.

இந்தத் தவிப்பைத் தீர்க்க வந்ததுதான் 'அடாப்டிவ் நேவிகேஷன் சப்போர்ட்'. மாணவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணினி குறித்துக்கொண்டு, பக்கங்களை இணைப்புகளால் கோத்த மீயூடகப் பாடத்தில் அந்த இணைப்புகளை அதற்கேற்ப மாற்றிக் காட்டும் முறை இது. ('ஹைப்பர்மீடியா' 1965இல் டெட் நெல்சன் ஆக்கிய சொல். 'ஹைப்பர்' என்ற கிரேக்க முன்னொட்டின் பொருள் 'மேல், கடந்து'. நம் 'மீ' அதற்கு அழகாகப் பொருந்தியது.) பீட்டர் புருசிலோவ்ஸ்கி 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதன் வகைகளைப் பிரித்தது: அடுத்த பக்கத்துக்கு நேரே அழைத்துப் போதல், இணைப்புகளை வரிசைப்படுத்தல், மறைத்தல், குறியிடல் முதலியவை.

என் மனம் குறியிடலிலேயே நிற்கிறது. 'இன்டர்புக்' என்ற மின்பாட அமைப்பில் இணைப்பின் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் இப்போது படிக்கலாம். சிவப்பு என்றால் முன்பாடம் பாக்கி. வெள்ளை என்றால் புதிதாக ஒன்றுமில்லை. சிவப்பையும் தொடலாம், தடையில்லை. பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தண்டின் சுற்றளவு 50 செ.மீ. அளவுக்கு வந்த மரமே பால் வெட்டுக்கு வரும். மற்ற மரங்களும் அதே நிரையில்தான் நிற்கும். அவற்றை யாரும் மறைத்து வைப்பதில்லை.

இனி தமிழ்ச் சொல். 'அடாப்ட்' என்பதன் இலத்தீன் வேர் பொருத்துதலைக் குறிக்கும். 'தகு' என்ற வினையில் பிறந்த 'தகவு' நம்மிடம் உண்டு. உயிரியலில் 'தகவமைப்பு' ஏற்கெனவே வழங்குகிறது. 'நேவிகேஷன்' இலத்தீனில் கப்பலைச் செலுத்துதல். அதனால் 'வழிசெலுத்தல்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்பலைச் செலுத்துபவன் மீகாமன். இங்கே மீகாமன் மாணவர்தான், கணினி கூடவே வரும் துணை. வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர்: மிளகு வணிகனுக்குக் காட்டுவழியில் துணையாகப் போனவர் என்பது தலக்கதை. அந்தச் சொல்லே போதும்: தகவமை வழித்துணை. நேரே அழைத்துப் போகும் வகையை மட்டும் 'வழிகாட்டல்' எனலாம்.

அன்று அந்தப் பிள்ளைக்குத் தலைப்புகளைத் தாளில் எழுதி, வண்ணப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். சிவப்பை ஒருமுறை திறந்து பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, சமபின்னத்துக்குத் திரும்பினாள்.